பருத்தித்துறையில் ஒரு மறதிக்காரி

யாழ்ப்பாணத்தில், அரியாலையில் முதல் நாள் காலையிலேயே மூன்று பெண்களுக்கு ஞாபகசக்தி குறைந்துவிட்டது என்று தாளில் எழுதிவிட்டேன். நான்காவதாக வந்து உட்கார்ந்த அம்மா என் விடைத்தாளை எட்டிப் பார்த்தார். கோளாறு அந்த மூன்று பேரிடமும் இல்லை, என் தமிழில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

நான் காட்டிய முதல் படம் ஒரு சாவி. மூன்று பேரும் "திறப்பு" என்றார்கள். அடுத்தது கடிகாரம். "மணிக்கூடு" என்றார்கள். இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டால், "திகதியோ?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். விடைத்தாளில் இல்லாத சொல்லுக்கு மதிப்பெண் கிடையாது என்பது விதி. இருபத்தெட்டு வருடமாகத் திருச்சியில் அந்த விதியோடு வாழ்ந்த என் கை, யோசிக்காமல் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போயிருக்கிறது.

"உது திறப்புத்தான் பிள்ளை. சாவி எண்டால் எங்களுக்கு விளங்கும். ஆனால் நாங்கள் அப்பிடிச் சொல்லுறேல்லை," என்றார் அந்த அம்மா.

என்னோடு வந்திருந்த கிறேஸ் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். கிறேஸ் பருத்தித்துறைக்காரி, மெதடிஸ்த குடும்பத்துப் பெண், நாற்பது வயதுத் தாதி. வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துவருவது அவள் வேலை. எனக்குத் துணையாக, அதைவிட எனக்கு மொழிபெயர்ப்பாளராக, அவளைக் கொடுத்திருந்தார்கள். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் என்று கிளம்பும்போது நான் நினைக்கவில்லை.

நான் மருத்துவர் இல்லை. ஞாபகசக்தியைச் சோதித்துப் பார்க்கும் உளவியல்காரி. உலகத்தில் பல நாடுகளில் முதியவர்களிடம் கேட்கப்படும் ஒரு கேள்வித்தாளின் தமிழ் வடிவத்தை யாழ்ப்பாணத்துக்குத் தோதாக்கித் தரவேண்டும். அதற்குப் பத்து நாள். "நம்ம தமிழ்தானே, நாலு நாள் போதும்," என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

இந்த வேலைக்குப் பின்னால் ஒரு பழைய கேள்வி இருக்கிறது. டிமென்ஷியா என்னும் மறதி நோயோடு வாழ்கிறவர்களில் பெரும்பாலான நாடுகளில் பெண்களே அதிகம். ஏன் என்று கேட்டால் சட்டென்று ஒரு பதில் வரும்: பெண்கள் அதிக வருடம் உயிரோடு இருக்கிறார்கள், அதனால். அது சரிதான், ஆனால் அதோடு முடியவில்லை. ஒரே வயது ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில நாடுகளில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை, சில நாடுகளில் பெண்கள் பக்கம் தராசு தாழ்கிறது. பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத ஊர்களில் அந்தக் குறை எழுபது வயதில் வந்து நிற்கிறது. ஆண்கள் பக்கம் புகை, குடி, கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம். உடம்பு எவ்வளவு, வாழ்ந்த வாழ்க்கை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். எனக்கோ இன்னொரு சந்தேகமும் உண்டு. அளக்கிற கோலே கோணலாக இருந்தால்?

இரண்டாம் நாள் உரும்பிராய். காலையில் தங்கியிருந்த வீட்டில் பிட்டும் சொதியும் வைத்தார்கள். சொதி என்பது தேங்காய்ப்பாலில் மஞ்சளும் பச்சை மிளகாயும் போட்ட இளங்குழம்பு. சாம்பார் இருக்கிறதா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டபின் கேட்கவில்லை. பத்து நாளும் கேட்கவில்லை.

உரும்பிராயில் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே ஒரு விவசாயியின் வீடு. கேள்வித்தாளில் இரண்டாம் பகுதி, வீட்டிலுள்ள இன்னொருவரிடம் கேட்பது: இவருக்குச் சமைப்பதில் சிரமம் உண்டா, பொருட்களை இடம் மாற்றி வைக்கிறாரா, வங்கி வேலையைத் தனியாகச் செய்கிறாரா. விவசாயியைப் பற்றி அவர் மனைவியிடம் கேட்டேன்.

"சமைக்கிறதோ?" அந்த அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. "அவருக்குக் குசினி எந்தப் பக்கம் எண்டே தெரியாது. அது வருத்தமோ பழக்கமோ எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்."

வருத்தம் என்றால் இங்கே நோய். சமையல் கேள்விக்கு நேராகப் "பொருந்தாது" என்று எழுதினேன். பிறகு மனைவியைப் பற்றிக் கணவரிடம் வங்கியைக் கேட்டேன். அதுவும் பொருந்தாது, வங்கிக்கு அவர்தான் போவார். ஆனால் சமையலைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். போன மாதம் ஒருநாள் கறிக்கு உப்புப் போடாமல் விட்டதை நாள், கிழமையோடு சொன்னார். ஒரு பெண்ணின் மறதி மூன்று வேளையும் தட்டில் வந்து விழுகிறது. ஆணின் மறதி எங்கே விழும்? இதைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பருத்தித்துறைக்குத் தனியாக பஸ் ஏறினேன். அங்கே போக இரண்டு வழிகள் இருப்பது எனக்குத் தெரியாது. நெல்லியடி வழியாக வரச்சொல்லியிருந்தாள் கிறேஸ். நான் ஏறியது வல்வெட்டித்துறைப் பக்கம் சுற்றிக்கொண்டு கடலோரமாகப் போனது. எனக்கு நஷ்டமில்லை, வழியெல்லாம் கடல். முன் இருக்கையில் தெற்கிலிருந்து சுற்றுலா வந்த சிங்களத் தம்பதி. கணவர் பையைக் கவிழ்த்து எதையோ தேட, மனைவி படபடவென்று திட்டினார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, சிங்களம் தெரிந்த ஓர் ஆசிரியை அதை எனக்குத் தமிழில் சொன்னார்: "கண்ணாடி உன் நெற்றியில்தான் இருக்கிறது. நான் செத்துப்போனால் உன் தலையையே தேடித் திரிவாய்." எல்லா மொழியிலும் மனைவிகள் இதைத்தான் சொல்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டேன்.

இறங்கவேண்டிய இடம் வந்ததும் "ஸ்டாப், ஸ்டாப்" என்று கத்தினேன். யாரும் திரும்பவில்லை. பின்னாலிருந்து ஒருவர் நிதானமாக "இறக்கம்" என்றார். அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றது. அந்த ஒற்றைச் சொல்லைக் கற்றுக்கொள்ள ஒரு நிறுத்தம் பின்னோக்கி நடந்தேன். கிறேஸ் பருத்தித்துறை வடையோடு காத்திருந்தாள். நம் ஊர்த் தட்டையின் அண்ணன் மாதிரி, மெலிதாக, மொறுமொறுவென்று இருக்கும். இது வடையில்லை என்று நானும் இதுதான் வடை என்று அவளும் அரைமணி நேரம் வாதாடினோம். வடை தீர்ந்ததால் வாதம் நின்றது.

அங்கேதான் கிறேஸ் பரமேஸ்வரி அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அவள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை, அதாவது சந்து, தள்ளிக் கடற்கரையில் வீடு. வயது எழுபது. கணவர் சிவபாதம் இளவயதில் கப்பலில் வேலை செய்தவர், மனைவியைவிட நாலு வயது மூத்தவர். பிள்ளை ஒரே மகள், கனடாவில்.

"மகள்தான் அக்கா கேட்டவள். அம்மாவுக்கு ஒரு வருசமாய்ச் சரியான மறதியாம். ஒருக்கா வடிவாச் சோதிச்சுப் பாருங்கோ எண்டு. வாற ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உரும்பிராயிலை சின்னம்மா வீட்டிலை கொண்டுபோய் விடப்போகினம். அப்பா பாவம், அவருக்கு ஓய்வு வேணுமாம்."

நான்காம் நாள், வியாழக்கிழமை, அவர்கள் வீட்டுக்குப் போனோம். சிவபாதம் வாசலுக்கே வந்து வரவேற்றார். நிமிர்ந்த உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை. நான் மருத்துவர் இல்லை என்று இரண்டு முறை சொல்லியும் என்னை டொக்டர் என்றே கூப்பிட்டார். எந்தெந்தத் துறைமுகத்தில் என்ன காற்று, எந்த ஊர்க் கப்டன் கஞ்சன், எங்கே பாண், நம்ம ஊர் பிரெட், நன்றாக இருக்கும் என்று அவர் சொன்ன கதைகளில் கேள்வித்தாளை மறந்தே போனேன். இவ்வளவு தெளிவான மனிதரை இந்தப் பத்து நாளில் பார்க்கமாட்டேன் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

"உவளுக்குத்தான் டொக்டர் மறதி," என்றார். "வைச்ச சாமான் வைச்ச இடத்திலை இராது. கேட்டால், நான்தான் மறந்துபோனன் எண்டுவாள்."

பரமேஸ்வரி அம்மா தலையசைத்தார். "ஓம். எனக்குத்தான்."

அவரைச் சோதித்தேன். திகதி தெரியவில்லை. கிழமையை மாற்றிச் சொன்னார். ஐந்து சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னேன். இரண்டுதான் வந்தது. ஆனால் எல்லாரும் தவறவிடுகிற கடினமான இரண்டைச் சொன்னார். சின்னப் பிள்ளையும் மறக்காத மூன்றை விட்டுவிட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன்.

இடையில் தேநீர் வந்தது. இங்கே அது தேத்தண்ணி. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தோம். கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனபின் சிவபாதம் உள்ளே குரல் கொடுத்தார். "இஞ்சேர், டொக்டருக்குத் தேத்தண்ணி குடுத்தனியோ?"

"குடுத்தனான் அப்பா. உங்களுக்குச் சொல்ல மறந்துபோனன்."

பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடி அதே பதில். "ஐயோ, குடுத்தனான். சொல்ல மறந்துபோனன்." நானும் "குறுகியகால மறதி உண்டு" என்று எழுதினேன். பரமேஸ்வரி அம்மாவின் பெயருக்கு நேராக.

அந்தத் தாளில் தகவல் தந்தவர் கையெழுத்துப் போட ஓர் இடம் உண்டு. தகவல் தந்தவர் கணவர். வாங்க மறந்துவிட்டேன், உண்மையாகவே மறந்துவிட்டேன். அதனால் வெள்ளிக்கிழமை விடிந்ததும் தனியாக ஓட்டோ பிடித்து மறுபடி போனேன்.

சிவபாதம் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார். எஞ்சின் பூட்டிய சின்னப் படகு. பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டின் அருகே தூண்டில் போட்டுவிட்டுத் திரும்புவது அவர் வழக்கமாம். தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலத்தில் அந்தப் பக்கத்துக் கடல் குளம் போலக் கிடக்கும். "ஒன்பது மணிக்கு முன்னம் வந்திடுவன். புட்டு அவிச்சு வை," என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் "சரி" என்றார். வேறொரு பேச்சும் அவர்களுக்குள் நடக்கவில்லை. நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். கையெழுத்துக்காக அவர் திரும்பும்வரை அங்கேயே காத்திருந்தேன்.

ஒன்பது ஆனது. பத்து ஆனது. பரமேஸ்வரி அம்மா கடலைப் பார்ப்பதும் அடுப்பைப் பார்ப்பதுமாக இருந்தார். பத்தரைக்குத் தொலைபேசி அடித்தது. அவர் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"அக்கா, அண்ணையின்ரை போட் இஞ்சை மணற்காட்டிலை நிக்குது. எஞ்சினிலை பிழை ஒண்டும் இல்லை. வீட்டை போகேல்லையோ எண்டு கேட்டால் பேசாமல் இருக்கிறார்."

"ஓமோம்," என்றார் பரமேஸ்வரி அம்மா, ஒரு நொடி தாமதிக்காமல். "நான்தான் அவரை அங்கை வரச்சொன்னனான். பேந்து எனக்கு மறந்துபோச்சு. இந்தா வாறன்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

காத்திருந்த என் ஓட்டோவிலேயே போனோம். மணற்காடு பெயருக்கேற்ற ஊர். கடலோரம் முழுக்க மணல் குன்றுகள். பாதி வழியில் ஓட்டோவின் பின்சக்கரம் புதைந்தது. "இதுக்கங்காலை போகாது அம்மா," என்றார் ஓட்டோக்காரர். நானும் பரமேஸ்வரி அம்மாவும் தள்ளினோம். வண்டி அசையவில்லை, என் செருப்புத்தான் காணாமல் போனது. அவர் வெறுங்காலோடு மணலில் விறுவிறுவென்று நடந்தார். ஐம்பத்தேழு வயது நான் மூச்சு வாங்கப் பின்னால் ஓடினேன்.

சிவபாதம் படகின் நிழலில் உட்கார்ந்திருந்தார். சட்டை மடிப்புக் கலையவில்லை. சுற்றி நாலைந்து மீனவர்கள்.

"அவரிலை பிழை இல்லை. நான்தான் வரச்சொல்லிப்போட்டு மறந்திட்டன்," என்று தூரத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார் பரமேஸ்வரி அம்மா.

ஒருவர் சிரித்தார். "அக்காவுக்கு நல்லா முத்திப்போச்சு. மனுசனை இப்பிடி அலையவிடலாமோ?"

"என்ன செய்யிறது, வயது போட்டுது," என்று அவரும் சேர்ந்து சிரித்தார். சிவபாதமும் சிரித்தார், நிம்மதியாக. "பாத்தியளோ டொக்டர்? இதைத்தான் நான் சொன்னனான்."

படகைத் தாங்கள் கொண்டுவருவதாகச் சொல்லி, புதைந்த ஓட்டோவையும் அவர்கள் தள்ளிவிட, நாங்கள் மூவரும் அதில் திரும்பினோம். பருத்தித்துறைக்குள் நுழைந்து அவர்கள் ஒழுங்கையில் வண்டி திரும்பியது. சிவபாதம் வெளியே எட்டிப் பார்த்தார். புதிய துறைமுகத்தில் இறங்கியவர் பார்ப்பதுபோல் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"இது எந்த ஊர்?"

"எங்கடை ஒழுங்கைதான். நான்தான் ஓட்டோக்காரரை வேறை பக்கத்தாலை வரச்சொல்லிப்போட்டன். அதுதான் உங்களுக்கு விளங்கேல்லை."

இருபத்தெட்டு வருட அனுபவம், நூற்றுக்கணக்கான தாள்கள். நேற்று நான் நிரப்பிய தாளில் நோயாளி தகவல் தந்திருந்தார், தகவல் தரவேண்டியவர் நோயாளியாக உட்கார்ந்திருந்தார்.

சிவபாதம் படுத்துக்கொண்டார். குசினியில் ஆறிப்போன பிட்டைப் பரமேஸ்வரி அம்மா மறுபடி அவிக்க வைத்தார். நான் கதவருகே நின்று கேட்டேன்.

"எவ்வளவு நாளா அம்மா இப்படி?"

"எனக்கோ?"

"அவருக்கு."

அவர் அடுப்பைக் குறைத்தார். "போன வருசம் வாடைக்கு முதல். சந்தைக்குப் போனவர், என்னத்துக்கு வந்தனான் எண்டு தெரியாமல் திரும்பி வந்தார். வந்து குந்தியிருந்து அழுதார் பிள்ளை. நாப்பத்தெட்டு வருசத்திலை நான் அவர் அழுது கண்டதில்லை. அப்ப வாயிலை வந்ததைச் சொன்னன், நான் ஒண்டும் வாங்கச் சொல்லேல்லை, சொல்ல மறந்துபோனன் எண்டு. உடனை அழுகை நிண்டிட்டுது. பேந்து அதுவே பழகிப்போச்சு."

"நேத்து என் கேள்விக்கும் வேணும்னே தப்பா சொன்னீங்களா?"

"எல்லாம் சரியாச் சொன்னால் நீங்கள் அவரைக் கேக்க வெளிக்கிடுவியள் எல்லோ?"

ஏன் மறைக்கவேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஆம்பிளைக்கு மூளை தடுமாறினால் ஊர் சிரிக்கும். கடலுக்கு விடமாட்டினம். கடலிலை காற்று எப்பிடி எண்டு அவரைக் கேக்க இஞ்சை வாற ஆக்களும் வராயினம். பொம்பிளைக்கு மறதி எண்டால் ஆர் கவனிக்கினம்? வயது போட்டுது எண்டு விட்டிடுவினம். எனக்கு அதாலை என்ன குறையப்போகுது?"

இந்தக் கணக்கை எந்தக் கேள்வித்தாளும் போட்டதில்லை. எத்தனை ஊர்களில் எத்தனை வீடுகளில், ஆணின் மறதியைப் பெண்ணின் உழைப்பு மூடி வைத்திருக்கும்? எத்தனை பெண்கள் தங்களுக்கு இல்லாததைத் தங்கள் பெயரில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள்? எண்ணிக்கை எனக்குத் தெரியாது. பெண்களுக்கே அதிகம் என்ற செய்தி இதனால் பொய்யாகிவிடாது என்பதும் தெரியும். ஆனால் என் கையிலிருந்த ஒரு தாளாவது பொய்.

அழகாகப் பேசி ஆறுதல் சொல்லலாமா என்று யோசித்தேன். நேரமில்லை. "அம்மா, ஞாயித்துக்கிழமை உங்களை உரும்பிராய்க்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. திங்கட்கிழமை அவர் மணற்காட்டுல கரை ஏறினா, யார் போறது?"

அவர் கையிலிருந்த அகப்பை நின்றது. அதுவரை ஏதோ ஒரு வழி பிறக்கும் என்று அதை நினைக்காமலே இருந்திருக்கிறார். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிட்டில் ஆவி வந்தும் அடுப்பை அணைக்க ஆளில்லை.

"மகளுக்குச் சொல்லலாம்," என்றார் கடைசியில். "அவருக்கு நான்தான் சொல்லுவன். நீங்கள் சொல்லக்கூடாது."

அதை நான் ஒப்புக்கொண்டேன். கிறேசுக்கு மட்டும் சொல்ல அனுமதி வாங்கினேன்.

சனிக்கிழமை காலை, கணவனும் மனைவியும் என்னையும் கிறேசையும் வெளியே வேம்பின் கீழ் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே பேசினார்கள். பேச்சு கேட்கவில்லை. பிறகு சிவபாதத்தின் குரல் மட்டும் கேட்டது, கப்பல் தளத்தில் கேட்கும் குரல்.

"கப்பலிலை றேடார் பழுதெண்டால் அதைத் துணி போட்டு மூடுறேல்லை! எல்லாருக்கும் சொல்லுறது! நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவருக்குக் கோபம் நோய் மேல் இல்லை, மறைத்ததன் மேல். வெளியே வந்து என் முன்னால் நின்றார். "டொக்டர், இனி நான் தனியக் கடலுக்குப் போறேல்லை. என்னைக் கேளுங்கோ, என்னத்தைக் கேக்கவேணுமோ."

கேட்டேன். துறைமுகங்களைக் கேட்டிருந்தால் நூறு சொல்லியிருப்பார். ஐந்து சொற்களில் இரண்டைச் சொன்னார். மற்றதற்காக நெற்றியைச் சுருக்கிக் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவராகக் கைவிடும்வரை நான் குறுக்கிடவில்லை.

இதை எழுதிவிட்டு இங்கேயே நிறுத்தியிருந்தால் அழகாக முடிந்திருக்கும். ஆனால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவர் படகைத் தள்ளப் போய்விட்டார். பேசியது நினைவில்லை. பரமேஸ்வரி அம்மா ஓடிப்போய் மறுபடி முதலிலிருந்து சொன்னார். மறுபடி றேடார், மறுபடி துணி, மறுபடி "இனி நான் தனியப் போறேல்லை." திங்கட்கிழமையும் அதேபோல. மூன்று முறையும் அவர் ஒரே கோபத்தோடு ஒரே முடிவுக்கு வந்தார். "ஆள் நல்ல மனுசன் அக்கா," என்றாள் கிறேஸ். "மறந்தாலும் அதே மனுசனாத்தான் இருக்கிறார்."

ஞாயிறு பத்து மணிக்குப் பரமேஸ்வரி அம்மாவின் தங்கை உரும்பிராயிலிருந்து வான் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். அக்காவுக்கென்று தனி அறை ஒழுங்குபடுத்தி, கட்டிலுக்குப் புது விரிப்பும் போட்டு வைத்திருந்தாராம். விஷயத்தைக் கேட்டதும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு எழுந்து அக்காவைத் திட்டத் தொடங்கினார். ஒரு வருடமாகத் தன்னிடமும் நடித்ததற்கு, கோயிலில் வேண்டுதல் வைக்க வைத்ததற்கு, எல்லாவற்றுக்கும். திட்டிக்கொண்டே மீன் கழுவினார், நண்டு உடைத்தார். அன்றைக்கு ஒடியல் கூழ். பனங்கிழங்கு மாவில் மீன், நண்டு, பலாக்கொட்டை, பயற்றங்காய் எல்லாம் போட்டுக் காய்ச்சுவது. பலா இலையை மடித்துக் குடிக்கக் கொடுத்தார்கள். என் மேலெல்லாம் ஊற்றிக்கொண்டேன். வான்காரரும் இரண்டு தடவை வாங்கிக் குடித்து, "காணும்" என்று இலையைக் கவிழ்த்துவிட்டு வெறும் வண்டியோடு திரும்பினார். காணும் என்றால் இங்கே போதும்.

மகளிடம் அன்று மாலை பேசினார்கள். "நான் அம்மாவோடைதான் ஒரு வருசமாய்க் கத்தினனான்," என்று அவள் அழுதது எல்லாருக்கும் கேட்டது. "பரவாயில்லை, நானும் நல்லாத்தானே நடிச்சனான்," என்றார் தாய்.

திங்கட்கிழமை கிறேஸ் அவர்களை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். நானும் உடன் போனேன். பொறுமையான இளம் பெண் மருத்துவர். கடைசிப் பதிலை ரத்தப் பரிசோதனை வந்தபின்தான் சொல்லமுடியும் என்றார். ஆனால் தொடக்க நிலை மறதி நோய் என்றே தெரிகிறது என்று சிவபாதத்திடமே நேராகச் சொன்னார். அதோடு ரத்த அழுத்தம் கூட இருந்தது, எத்தனை வருடமாகவோ யாரும் பார்க்கவில்லை. ஒரு காதும் மந்தம். "மறதியை நிப்பாட்ட மருந்தில்லை ஐயா. ஆனால் பிரசரையும் காதையும் பாப்பம். அது செய்யக்கூடியது," என்றார். சிவபாதம் கப்டனிடம் உத்தரவு வாங்கியவர்போல் தலையசைத்தார். கடலுக்கு இனி பக்கத்து வீட்டுக்காரர் கூடப் போவார் என்று ஏற்பாடு. எஞ்சின் அவர் கையில், காற்றைப் பற்றிய பேச்சு சிவபாதத்தின் வாயில்.

என் கேள்வித்தாளிலும் ஒரு மாற்றம் செய்தேன். ஆண்களைப் பற்றிக் கேட்கும் பக்கத்தில் சமையல் கேள்வியை அடித்துவிட்டு இதை எழுதினேன்: "இவருக்காக வீட்டில் வேறு யாராவது எதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?" மற்ற நாடுகளில் இதே வேலை செய்கிறவர்களுக்கும் அனுப்பினேன். ஏற்றுக்கொள்வார்களா என்பது வேறு. நான் விடப்போவதில்லை.

பத்தாம் நாள் மாலை, கிளம்புவதற்கு முன், விடைபெறப் போனேன். சிவபாதம் பக்கத்து வீட்டுக்காரரோடு வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரமேஸ்வரி அம்மா எனக்கெதிரே வந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"பிள்ளை, இப்ப என்னையும் ஒருக்காக் கேளுங்கோ. இந்த முறை உண்மையாச் சொல்லுறன்."

ஒரு வருடம் மறந்தவளாக நடித்ததில் உண்மையாகவே ஏதும் மறந்துபோயிருக்குமோ என்று அவருக்கே பயம். புதிதாக ஐந்து சொற்கள் சொன்னேன். ஐந்து நிமிடம் கூழ், மகள், மழை என்று வேறு கதை பேசினோம். பிறகு கேட்டேன். ஐந்தையும் நான் சொன்ன வரிசையிலேயே, மூச்சுவிடாமல் சொன்னார்.

"எத்தனை?"

"அஞ்சும் சரி அம்மா."

"அவருக்கு?"

"ரெண்டு."

அவர் விரல்களை மடித்து எண்ணினார்.

"அப்ப ஏழு," என்றார். "ரண்டு பேருக்கும் அது காணும்."

காற்றில் அடித்துக்கொண்டிருந்த யன்னலைச் சாத்த எழுந்து போனார்.